சாட்சி சொல்லப் போகிறேன், மகிமை யாருக்குப் போகும்?

தாமிரபரணிக்கரை | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வருகிற ஞாயிறு எங்கள் சபையில் ஸ்தோத்திர ஆராதனை. பாட்டுகளுக்கு நடுவே ஐந்து பேர் சாட்சி சொல்ல வேண்டும், அதாவது ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும், ஆளுக்கு மூன்று நிமிடம். ஐயர் என்னைக் கேட்காமலே என் பெயரையும் போட்டுவிட்டார். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்.)

ஜூன் மாதம் என் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்தது. ராத்திரி 2 மணி. வாயுப் பிடிப்பு என்று சொல்லி சோடாவில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பனியன் பிழிகிற மாதிரி வேர்வை. எதிர்வீட்டு பாய் ஆட்டோ ஓட்டுகிறவர். கதவைத் தட்டியதும் கட்டியிருந்த லுங்கியோடு வந்து, தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள், மறுநாள் ஸ்டென்ட் வைத்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் நகையை அடகு வைக்காமல் தப்பித்தோம். இப்போது தினமும் காலையில் அரைமணி நேரம் நடக்கிறார், குழம்பில் உப்பில்லை என்று என்னோடு மல்லுக்கு நிற்கிறார்.

சாட்சியை நோட்டில் எழுதி மகனிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அம்மா, இதுல ஆண்டவர் பேர் ஒன்பது தடவை வருது, ஆனா கதாநாயகி நீதான்" என்றான். கோபம் வந்தது. அப்புறம் திரும்ப வாசித்தேன். "அந்த இரவு முழுவதும் முழங்காலில் நின்று கண்ணீரோடு போராடி ஜெபித்தேன்" என்று எழுதியிருக்கிறேன். நடந்தது அதில்லை. ஐசியூவுக்கு வெளியே இரும்பு பெஞ்சில், நான்கு மணிக்குப் படுத்தவள் ஆறரைக்கு நர்ஸ் தட்டி எழுப்பும் வரை தூங்கிவிட்டேன். அதற்கு முன்னால் ஜெபம் என்று செய்தது "ஆண்டவரே, ஆண்டவரே" என்று முனகியது மட்டும்தான். அந்தப் பொய்யை எப்போது எழுதினேன் என்றே எனக்குத் தெரியவில்லை. கை தானாக எழுதிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று அதே இரவில் எங்கள் சபைக்காரர் இன்னொருவரையும் கொண்டுவந்தார்கள். பக்கத்துக் கட்டில். மூன்றாம் நாள் போய்விட்டார். அவர் மனைவி ஞாயிறுதோறும் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால்தான் உட்காருகிறார். நான் மைக்கைப் பிடித்து "கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார்" என்று சொன்னால் அந்தம்மா காதில் அது எப்படி விழும்?

சொல்லாமல் விட்டுவிடலாமா? சொல்வதென்றால் எப்படிச் சொல்வது?

சீயோன் முரசு | செவ்வாய், இரவு 10.15

சகோதரி, கண்டிப்பாகச் சொல்லுங்கள். வேதத்தில் என்ன இருக்கிறது? ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினாலும் தங்கள் சாட்சியின் வசனத்தினாலும் ஜெயித்தார்கள். வெளிப்படுத்தல் 12:11. வாயை மூடிக்கொள்வதில் மகிமை யாருக்கு?

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "நான் பெருமையாகப் பேசிவிடுவேனோ, என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ" என்று நாலு நாள் யோசிப்பதும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பதுதான். பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள். ஒன்பது பேர் பெருமை அடித்ததாக வேதத்தில் இல்லை, நன்றி சொல்லத் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். ஆண்டவர் அவர்களைத்தான் "எங்கே?" என்று கேட்டார். திரும்பி வந்தவன் ஒருவன். அவன் உரத்த சத்தத்தோடு வந்தான் என்றுதான் லூக்கா எழுதுகிறார்.

இரவுப் பணி | செவ்வாய், இரவு 11.52

அக்கா, நான் இதயப் பிரிவு ஐசியூவில் 14 வருஷமாக நர்ஸ். கிறிஸ்தவள்தான். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: "டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள்" என்ற வரி உங்கள் நோட்டில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

நான் கேட்ட சாட்சிகளில் பாதிக்கு மேல் அந்த வரி வந்துவிடும். ஒரு தடவை எங்கள் வார்டில் இருந்துபோன ஒருவர், நான் உட்கார்ந்திருக்கும்போதே, "டாக்டர் கையை விரித்துவிட்டார், அன்றிரவு ஆண்டவர் வந்து தொட்டார்" என்று சாட்சி சொன்னார். அவருக்கு அன்றிரவு மணிக்கு ஒருதரம் பிரஷர் பார்த்தது நான். மூன்று மணிக்குத் துடிப்பு தாறுமாறாகப் போனதும் டியூட்டி டாக்டர் சாப்பிடாமல்கூட ஓடி வந்தார், விடியும்வரை கட்டிலை விட்டு நகரவில்லை. கை விரித்தவர் யாரும் அங்கே இல்லை. "இருபத்துநாலு மணி நேரம் கழித்துத்தான் சொல்ல முடியும்" என்று சொன்னது சபைக்குப் போய்ச் சேரும்போது "பிழைக்க மாட்டார்" ஆகிவிட்டது.

எனக்கு வருத்தம் பெயர் சொல்லவில்லையே என்பதில் இல்லை. ஆண்டவரைப் பெரியவராகக் காட்ட மனுஷரைச் சின்னவராக்க வேண்டியிருக்கிறதே, அதுதான். டாக்டர் ஒழுங்காக வேலை செய்தால் ஆண்டவருக்கு மகிமை குறைந்துவிடுமா என்ன?

பாயை விட்டுவிடாதீர்கள் அக்கா. ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசிக்கு ஒவ்வொரு பத்து நிமிடமும் கணக்கு. அந்த நேரத்தில் 108-க்குக் காத்திருந்தால் எப்படியோ.

கேள்விக்குறி | புதன், காலை 7.05

நான் நம்பிக்கை இல்லாதவன், மனைவிக்குத் துணையாகச் சபைக்குப் போகிறவன். நர்ஸ் அம்மா சொன்னதை ஒட்டி ஒரு கேள்வி. பிழைத்தால் ஆண்டவர் செயல், செத்தால் ஆஸ்பத்திரி சரியில்லை. இந்தக் கணக்கு எப்படி? பாய் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார், நன்றி வேறொருவருக்குப் போகிறது. கிண்டலுக்காகக் கேட்கவில்லை.

தாமிரபரணிக்கரை | புதன், காலை 9.30

கேள்விக்குறி அண்ணே, பாய்க்கு நன்றி சொல்லாமல் இல்லை. வீட்டுக்கு வந்த மறுநாளே போய்ச் சொன்னேன், ஆட்டோ வாடகையும் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவரே என்ன சொன்னார் தெரியுமா? "அல்லா காப்பாத்தினான், நான் ஆட்டோதான ஓட்டினேன்." எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது. நான் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிச் சொல்ல முடியாமல் தவிப்பதை அந்த மனுஷன் வாசல்படியில் நின்று ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஆனால் என் நோட்டில் அவர் இல்லை. "ஒரு வாகனம் கிடைத்தது" என்று எழுதியிருக்கிறேன். உங்கள் கேள்வி சரிதான்.

இரவுப் பணி, அந்த வரி இருந்தது. அடித்துவிட்டேன்.

பழைய உபதேசியார் | புதன், மாலை 4.20

மகளே, 31 வருஷம் கிராமச் சபைகளில் உபதேசியாராக, ஐயருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனை சாட்சி கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சில விஷயங்களைச் சொல்கிறேன், நீளமானால் பொறுத்துக்கொள்.

"தேவனை மகிமைப்படுத்து" என்ற சொல்லை நாம் பாட்டு, கைத்தட்டல், அல்லேலூயா என்ற பொருளில்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். வேதத்தில் இரண்டு இடத்தில் அது வேறு மாதிரி வருகிறது. யோசுவா 7-இல் ஆகான் என்கிறவன் எடுக்கக் கூடாத கொள்ளைப்பொருளைக் கூடாரத்துக்குள் மண்ணில் புதைத்து வைத்துவிட்டான். ஒரு பாபிலோனிய சால்வை, இருநூறு சேக்கல் வெள்ளி, ஐம்பது சேக்கல் நிறையில் ஒரு பொன்பாளம். சீட்டு அவன் பேரில் விழுந்ததும் யோசுவா என்ன சொல்கிறார்? மகனே, கர்த்தரை மகிமைப்படுத்து, நீ செய்ததை என்னிடத்தில் சொல்லு, ஒளிக்காதே. பாட்டுப் பாடச் சொல்லவில்லை பார். உண்மையைச் சொல்லச் சொல்கிறார்.

இன்னொரு இடம் யோவான் 9. பிறவிக்குருடனுக்குக் கண் திறந்தாயிற்று. பரிசேயர், அதாவது யூத மதத் தலைவர்கள், இரண்டாந்தரம் கூப்பிட்டு, "நீ தேவனை மகிமைப்படுத்து" என்கிறார்கள். ஏறக்குறைய சத்தியம் வாங்குகிற பேச்சு அது. ஆனால் அவர்களுக்கு வேண்டிய பதில் ஏற்கனவே முடிவாகிவிட்டது: இயேசு பாவி என்று அவன் சொல்ல வேண்டும். அவன் என்ன செய்தான்? தெரியாததைத் தெரியாது என்றான், தெரிந்ததைச் சொன்னான். "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்." அந்தப் பதிலில் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. என்னைக் கேட்டால் அந்த ஆள்தான் மெய்யாகவே மகிமைப்படுத்தினவன். ஆகவே உன் பெஞ்சுத் தூக்கத்தை மறைக்காதே. முழங்கால் என்று நீ எழுதியது ஆண்டவருக்குக் கொடுத்த மகிமை ஆகாது. அது உன் முழங்காலுக்குக் கொடுத்தது.

பவுலைப் பார். மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட அனுபவத்தை, பதினாலு வருஷத்துக்கு முன்னே நடந்ததை, "ஒரு மனுஷனை அறிவேன்" என்று யாரோ ஒருவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி நாலு வசனத்தில் முடித்துவிடுகிறார். ஆனால் தமஸ்குவில் கூடையில் உட்காரவைத்து மதில் ஜன்னல் வழியாக இறக்கிவிட்ட கதையை மட்டும் ராஜாவின் பெயர், சேனைத்தலைவன், காவல் எல்லாம் சொல்லி எழுதுகிறார். அப்போஸ்தலன் கூடைக்குள் மீன் மாதிரி இறங்கியது பெருமைப்படுகிற விஷயமா? அவருக்கு அதுதான் மேன்மைபாராட்டல்.

இன்னொன்றையும் மறந்துவிடாதே. ஆலயத்தில் ஜெபித்த பரிசேயனும் "தேவனே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதான் சொன்னான். மகிமையை அவன் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளவில்லை, ஆண்டவருக்குத்தான் நன்றி சொன்னான். பிரச்சினை அதற்கு அவன் சொன்ன காரணத்தில் வந்தது: "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்." (ஆயக்காரன் என்றால் வரி வசூலிக்கிறவன்.) உன் முன்னால் இரண்டு பெஞ்சு தள்ளி உட்காருகிற அந்தப் பிள்ளையை நினைத்து நீ தயங்குகிறாய் பார், அந்தத் தயக்கம் பரிசேயனுக்கு இல்லை.

பனங்காட்டு நரி | புதன், மாலை 6.48

உபதேசியார் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நான் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். எங்கள் ஊரில் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைப் பெயரோடும் தொகையோடும் வாசிப்பார்கள். "மகள் மருத்துவப் படிப்பில் சேர்ந்ததற்காக இன்னார் குடும்பத்தார், ரூபாய் 10,000." அடுத்தது "காய்ச்சல் நீங்கினதற்காக, ரூபாய் 50." முதல் கவருக்கு எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், இரண்டாவதற்கு யாரும் திரும்ப மாட்டார்கள். ஏழை விதவை காணிக்கையாகப் போட்ட இரண்டு காசைத் திரும்பிப் பார்த்த ஒரே ஆள் இயேசு என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் வாசிக்கிறோம்.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடுவதைக் கேட்கவே வேண்டாம். ஒரு பூசணிக்காய் போன வருஷம் 4,200 ரூபாய்க்குப் போனது. இரண்டு சம்பந்திகளுக்குள் போட்டி. எடுத்தவர் கையை உயர்த்தி "தேவனுக்கே மகிமை" என்றார். விட்டுக்கொடுத்தவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது புதுக் கார் படத்துக்குக் கீழே அதே இரண்டு வார்த்தை. அந்த வார்த்தைகள் இப்போது சோற்றுக்கு மேல் வைக்கிற அப்பளம் மாதிரி ஆகிவிட்டன.

சீயோன் முரசு | புதன், இரவு 8.30

நரி அண்ணன் சொல்வது சிரிப்பாக இருக்கிறது, ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து அடித்துத் திருத்தினால் சகோதரியின் சாட்சி போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிற புகார் மாதிரி ஆகிவிடும். "2.00 மணிக்கு நெஞ்சு வலி, 2.10-க்கு ஆட்டோ, 2.30-க்கு ஊசி." அதில் ஆண்டவர் எங்கே?

என் கதையைச் சொல்கிறேன். நான் 9 வருஷம் குடித்தவன். மறுவாழ்வு மையத்துக்கு இரண்டு தடவை போய் வந்தேன், மாத்திரை சாப்பிட்டேன், என் அண்ணன் என் சம்பளத்தை வாங்கி வைத்துக்கொண்டார். இதெல்லாம் உண்மை. ஆனால் நான் சாட்சி சொல்லும்போது "இயேசு என்னை விடுவித்தார்" என்றுதான் சொல்வேன். இதையெல்லாம் யார் கொடுத்தது? உரக்கச் சொல்வதால் நான் பொய்யனா?

பழைய உபதேசியார் | புதன், இரவு 9.10

இல்லை தம்பி, நீ பொய்யன் இல்லை. ஆனால் அந்த அண்ணன் கதையை நீ இப்போதுதான் முதல்முறை சொல்கிறாய் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த இடத்தில்தான் கண் கலங்கியது. அடுத்த தடவை அவரையும் சேர்த்துச் சொல்லு. ஆண்டவர் அங்கேதான் இருக்கிறார்.

டோனாவூரில் மிஷனெரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருநெல்வேலி கிராமங்களில் ஊழியம் உண்மையில் எப்படி நடக்கிறது என்று அவர் எழுதி அனுப்பியபோது, உற்சாகம் தருகிற மாதிரி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மாற்றவில்லை. 1903-இல் அது புத்தகமாக வந்தபோது தலைப்பே ஏறத்தாழ "உள்ளது உள்ளபடி" என்பதுதான். அப்புறம் 1931-இல் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். சுகத்துக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் தன் அறையை விட்டுப் பெரும்பாலும் வெளியே வரவில்லை. சுகம் கிடைக்காத சாட்சி அது. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டியைத்தான் பிள்ளைகள் வைத்தார்கள்.

சீயோன் முரசு | புதன், இரவு 9.25

சரி ஐயா. அண்ணனைச் சொல்கிறேன்.

கிணற்றடி | வியாழன், மதியம் 1.15

நான் இங்கே எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. ஆனால் இதில் என் பக்கத்தில் இருந்து யாரும் பேசவில்லை. என் கணவர் போய் ஐந்து வருஷம் ஆகிறது. சிறுநீரகம். எங்கள் சபையில் அவருக்காக 40 நாள் உபவாச ஜெபம் நடந்தது.

அடுத்தவர் பிழைத்த சாட்சியைக் கேட்டு எனக்குப் பொறாமை வந்ததா? முதல் வருஷம் வந்தது. அது என் பாடு, நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் குத்தியது வேறு. ஓர் அம்மா, "நான் சந்தேகப்படவே இல்லை, விசுவாசத்தோடு பிடித்துக்கொண்டேன், அதனால் ஆண்டவர் தந்தார்" என்றார். அந்த "அதனால்" இருக்கிறதே, அன்றிரவு வீட்டுக்கு வந்து நான் எங்கே சந்தேகப்பட்டேன் என்று ஒவ்வொரு நாளாக எண்ணினேன். டயாலிசிஸ் நாட்களை எண்ணின அதே காலண்டரில்.

எங்களுக்காகச் சொல்லாமல் இருக்காதீர்கள் அக்கா. உங்கள் வீட்டுக்காரர் நடப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். ஏன் பிழைத்தார் என்று மட்டும் விளக்காதீர்கள். உங்களுக்கும் அது தெரியாது.

இரவுப் பணி | வியாழன், மதியம் 2.40

கிணற்றடி அக்கா, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

கேள்விக்குறி | வியாழன், மாலை 5.30

என் கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்றால், முழுக்க இல்லை. ஆனால் பாய் சொன்ன வரியும் கிணற்றடி அம்மா சொன்ன வரியும் மனசில் நிற்கின்றன. "உங்களுக்கும் அது தெரியாது" என்று ஒருவர் சபைக்குள் சொன்னால் நான் கடைசி பெஞ்சிலிருந்து கொஞ்சம் முன்னால் வந்து உட்காருவேன்.

தாமிரபரணிக்கரை | சனி, இரவு 8.00

எழுதிவிட்டேன். பழையதில் இரண்டேகால் பக்கம் இருந்தது, இது ஒரு பக்கம்கூட இல்லை. இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"ஜூன் மாதம் ஒரு ராத்திரி என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. எங்கள் எதிர்வீட்டு பாய் ஆட்டோவில் கொண்டுபோனார். வாடகை வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் நர்ஸ்மாரும் தூங்காமல் பார்த்தார்கள். நான் தூங்கிவிட்டேன். பெரிய ஜெபம் எதுவும் என் வாயில் வரவில்லை, 'ஆண்டவரே' என்று மட்டும்தான் வந்தது. விழித்துப் பார்த்தபோது அவர் இருந்தார். ஏன் என்று எனக்குத் தெரியாது. அதே வார்டில் நம் சபையார் ஒருவரை இழந்தோம், அவருக்காகவும் நான் 'ஆண்டவரே' என்றுதான் சொன்னேன். இன்றைக்கு என் கணவர் இந்த ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்ல வந்தேன்."

ஒரு சந்தேகம். அந்தம்மாவை முன்கூட்டியே பார்த்துக் கேட்டுவிட்டு அந்த வரியைச் சொல்லலாமா?

கிணற்றடி | சனி, இரவு 8.12

கேட்டுவிடுங்கள். சபைக்கு நடுவே திடீரென்று வந்தால் எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியாது.

பனங்காட்டு நரி | சனி, இரவு 8.40

"நான் தூங்கிவிட்டேன்" என்ற வரிக்குச் சிரிப்பு வரும். வரட்டும், நிறுத்தாதீர்கள்.

தாமிரபரணிக்கரை | திங்கள், காலை 10.05

நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னால், வாசலில் வேப்பமரத்தடியில் அந்தம்மாவைப் பார்த்து நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுசும் வாசித்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று என் கை நடுங்கியது. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீங்க தூங்கினப்ப உங்க பையை நான்தான் மடியில வச்சிருந்தேன். அதுல காப்பீட்டு அட்டை இருந்துச்சில்லா?" என்றார்.

எனக்கு அது தெரியவே தெரியாது. பை எழுந்ததும் பக்கத்தில் இருந்தது, நான்தான் வைத்தேன் என்று நினைத்திருந்தேன்.

"அதையும் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சொல்லு என்றார்.

சீயோன் முரசு | திங்கள், காலை 10.20

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்! மூன்று நிமிடத்தில் முடித்தீர்களா?

தாமிரபரணிக்கரை | திங்கள், காலை 10.31

நாலரை ஆயிற்று. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பாய்க்கு அசனச் சோறு, அதாவது சபை விருந்துச் சோறு, ஒரு வாளி கொடுத்தனுப்பச் சொன்னார். அதை மட்டும் அவர் வாங்கிக்கொண்டார்.